இசைத்தட்டின் மறுபதிப்பு

அமராவதி பாயும் கொமரலிங்கத்திலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டு ஊர்களிலும், கல்யாணமோ கோயில் நோம்பியோ எதுவாயினும், ஒலிபெருக்கிக் குழாயில் இசைத்தட்டுப் பாட்டு எழும்பினாலன்றி விசேஷம் களைகட்டாது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தட்டின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், சங்கீதத்தோடு உழைப்பின் கதையையும் அதில் காண்பர்.

1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த கிராமபோன் கம்பெனியார், மூலப் பதிவுகளை ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்கு அனுப்பி, அங்கே தட்டுகளாக அச்சிட்டே இங்கு விற்பனைக்குக் கொணர்ந்தனர். தட்டுக்கு வேண்டிய அரக்கோ இந்நாட்டுக் காட்டு மரங்களில் விளைவது. ஆகவே, மான்செஸ்டருக்குப் பஞ்சாகச் சென்று துணியாகத் திரும்பிய நம் பருத்தியைப் போல, அரக்கும் கடல் கடந்து சென்று கானமாகத் திரும்பிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை ஏற்பட்ட பின்பே இந்நிலை மாறியது.

நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிஷப் பாட்டே அடங்கும். எனினும், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் கம்பீரமான சாரீரம் நாடகக் கொட்டகையைக் கடந்து வீடுகளுக்குள் புகுந்தது அதன் வழியாகவே. 1932இல் ஏ. வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் நிறுவிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையுடன் தமிழ்ப் பாட்டுகளைப் பரப்பிற்று. கைதவறினால் நொறுங்கிவிடும் அரக்குக்குப் பதிலாக, 1948இல் அமெரிக்காவில் வினைலாலான நெடுந்தட்டு வெளிவந்தது.

அந்த வினைலிலேதான், 1977இல், லண்டனைச் சேர்ந்த த்ராபிங் கிரிஸ்ல் இசைக்குழுவினர் 'தி செகண்ட் ஆனுவல் ரிப்போர்ட்' என்னும் தொகுப்பை 785 பிரதிகள் மட்டுமே வெளியிட்டனர். பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றின் நிலவறையில் பயின்ற அவர்கள், இயந்திர யுகத்தின் இரைச்சலையே சங்கீதத்துக்கு உரிய பொருளாகக் கொண்டனர். அவர்கள் நடத்திய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் பெயரே அவ்வகை இசைக்கும் நிலைத்தது. 2017இல், நாற்பதாம் ஆண்டை ஒட்டி, அத்தொகுப்பு மீண்டும் வினைலில் வெளியாயிற்று.

ஒரு சமூகம் தன் காலத்தின் ஓசையைப் பேணுவதென்பது தன் சரித்திரத்தைப் பேணுவதேயாகும். சுந்தராம்பாள் காலத்து அரக்குத் தட்டுகளைத் தேடிச் செப்பனிட்டு மறுபதிப்பாக வெளியிடுவதும், உடுமலை, திருப்பூர் வட்டாரங்களில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறளிக்கும் நூற்பாலைக் கதிர்கள், விசைத்தறிகள், பனியன் நிட்டிங் மெஷின்கள் ஆகியவற்றின் ஓசையை, பழைய யந்திரங்கள் காயலான் கடைக்குப் போகுமுன் முறையாகப் பதிவு செய்து வைப்பதும், இப்பகுதியின் செல்வர்களும் கல்விச் சாலைகளும் சேர்ந்து ஏற்கவேண்டிய கடமைகளாகும்.