சங்கிலி நுழையாத தெரு

கிராமத்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி சர்வே நடந்தது வரி வசூலுக்குத்தான். அதனால் நஞ்சை, புஞ்சையைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 100 லிங்க். குடியிருப்பான கிராம நத்தத்துக்குத் தீர்வை இல்லை. வீடு வீடாக அளக்காமல் பொதுவாக மொத்தத்தையும் ஒரே சர்வே எண்ணில் அடைத்துவிட்டார்கள். நத்தம் நிலவரித் திட்டத்தில் தனித்தனியாக அளந்தது சுதந்திரத்துக்கு வெகுகாலம் கழித்துத்தான்.

போன வருஷம் நான் விலை பேசிய வீட்டின் மூலப்பத்திரத்தில் அளவே இல்லை, நான்கெல்லை மட்டும்தான்: கிழக்கே இன்னார் வீடு, வடக்கே சந்து. இன்னார் போய்ச் சேர்ந்துவிட்டார், சந்தையும் காணோம். "பட்டாதான் இருக்கே சார்" என்றார் தரகர். பட்டா யார் பேரில் என்று சொல்லும். சுவர் எங்கே நிற்கிறது என்று சொல்லாதே! அட்வான்ஸ் கொடுக்காமல், விற்பவரையே தாலுகா ஆபீஸில் பணம் கட்டி அளக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கழிவறை 4 அடி இந்தப் பக்கம் இருந்தது.

இன்னொன்று. பழைய எஃப்.எம்.பி. படங்களில் அளவுகள் லிங்கில் இருக்கும். 50 என்று போட்டிருந்தால் 33 அடிதான். (யூனிட் பார்க்காமல் எண்ணை மட்டும் படிப்பது எங்கள் தொழிலிலும் உண்டு.)

பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. கழிவறைக்காரர் சர்வேயரையே நம்ப மாட்டேன் என்கிறார்.