கட்டம், புள்ளி வட்டம், புரியாத எழுத்து: ஒரு பழைய கணினி வியாதியின் வரலாறு

2000-க்குப் பிறகு வந்த பத்து வருடங்களில் எனக்கு வந்த உதவிக் கோரிக்கைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "தம்பி, கம்ப்யூட்டர்ல தமிழ் வரமாட்டேங்குது." தெருவில் பி.இ. படித்த பையன் ஒருத்தன் இருந்தால் அவன்தான் எல்லா வீட்டுக்கும் கணினி வைத்தியர். மவுஸில் அழுக்கு சேர்ந்தாலும் அவன், பிரிண்டர் காகிதத்தைக் கடித்தாலும் அவன். எங்கள் தெருவில் அது நான்.

தமிழ் வரவில்லை என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வரலைன்னா, அதுக்குப் பதிலா என்ன வருது?" மூன்று விதமான பதில்கள் வரும். ஒன்று, "ஏதோ இங்கிலீஷ் எழுத்தா, மேலே புள்ளியும் கோடுமா வருது." இரண்டு, "கட்டம் கட்டமா வருது." மூன்று, "தமிழ்தான் வருது, ஆனா கொம்பு தப்பான இடத்துல நிக்குது, நடுநடுவே புள்ளி வச்ச வட்டம்."

கேட்பவருக்கு மூன்றும் ஒரே தொல்லை. உண்மையில் இவை மூன்று தனி வியாதிகள். ஒவ்வொன்றும் தமிழ்க் கணிமை வரலாற்றின் ஒரு கட்டத்தைச் சேர்ந்தது. அந்த வரலாறு புரியாமல் நான் 2003-இல் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்வதற்கு முன் மூன்று வியாதிகளையும் பார்த்துவிடலாம்.

முதல் வியாதி: புரியாத எழுத்து

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய முறையில் ஓர் எழுத்துக்கு எட்டு பிட். ஆகவே மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் பாதியை ஆங்கிலமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் பிடித்துக்கொண்டன. மிச்சம் 128. நம்மிடம் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. உள்ளே போகாது.

இதற்குத் தட்டச்சு இயந்திரத்திலேயே வழி இருந்தது. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் கா, கெ, கே, கை எதற்கும் தனி இடம் வேண்டாம். கு, கூ வரிசைதான் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும், அதற்கு 18-ஐ இரண்டால் பெருக்கி 36 இடம் கொடுத்தாக வேண்டும். உயிர், அகரமேறிய மெய், புள்ளி வைத்த மெய், கிரந்தம் எல்லாம் சேர்த்தாலும் 128-க்குள் அடங்கிவிடும். "கொ" என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் கோப்பிலும் பதிவாகும்.

எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதில்தான் தொல்லை. ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு வரிசை வைத்தார். சில எழுத்துருக்கள் மேல்பாதியைத் தொடவேயில்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்காரவைத்தன. இலங்கைத் தமிழர் பெருமளவு பயன்படுத்திய பாமினி அப்படிப்பட்டது. அதில் "அம்மா" என்று அடித்தால் கோப்பில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா அந்த ஐந்து குறிகளாகத்தான் தெரிவார். 

ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1990-களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கியை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் திஸ்கியிலும் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற இரண்டு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆனால் திஸ்கியில் ஒரு எண்ணுக்கு ஓர் எழுத்து என்றால், டாபில் அதே எண்ணுக்கு வேறு எழுத்து. செய்தித்தளங்கள் பலவும் தங்களுக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்தன. ஆக, இந்த வியாதிக்கு மருந்து சரியான எழுத்துரு. அது கிடைத்தால் ஐந்து நிமிட வேலை. கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பு பூட்டிய பெட்டி.

இரண்டாவதும் மூன்றாவதும்

யூனிகோட் 1991-இல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. அந்த வரிசை, இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கியை ஒட்டியது. உலகத்தில் எந்தக் கணினியிலும் அந்த எண்ணுக்கு அந்த எழுத்துதான். விண்டோஸில் இதற்கான ஆதரவு விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு வந்தது.

யூனிகோட் எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் வரும். இது இரண்டாவது வியாதி. "இந்த எழுத்து என்னவென்று எனக்குத் தெரியும், வரைய உருவம் இல்லை" என்று கணினி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றுக்குள் இதுதான் நல்ல செய்தி. தகவல் பத்திரமாக இருக்கிறது.

யூனிகோட், எழுத்துகளை ஒலிக்கும் வரிசையில் வைக்கும்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் வைக்க ஒரு தனி நிரல்பகுதி வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டம் வரும். மூன்றாவது வியாதி இது. விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வசதி இருந்தது, ஆனால் தானாக நிறுவப்படாது. கன்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புகளுக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் போட வேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைக் கேட்கும். அந்த சிடி எந்த வீட்டிலும் இருக்காது! அதனால் பையில் ஒரு சிடியோடுதான் நான் தெருவில் சுற்றுவேன்.

2003

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் ஐயா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் வரலாற்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். கோயில் கல்வெட்டுக் குறிப்புகள், குளங்கள், வாய்க்கால்கள், முதியவர்களிடம் கேட்டவை எல்லாம் சேர்த்து வேர்டில் 11 கோப்புகள். தட்டச்சுக்கான எழுத்துருவை ஒரு டிடிபி கடைக்காரர் ஃபிளாப்பியில் கொடுத்திருந்தார்.

விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்த அவருடைய கணினி மெதுவாகிவிட்டது, வைரஸும் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: ஃபார்மட். நான் பொறுப்பாகத்தான் செய்தேன். "மை டாக்குமென்ட்ஸ் முழுசா சிடியில போட்டுட்டேன் ஐயா, ஒண்ணும் போகாது" என்று சொல்லிவிட்டு, சி டிரைவை அழித்து எக்ஸ்பி போட்டேன்.

கோப்புகள் ஒன்றும் போகவில்லை. ஆனால் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள். எழுத்துரு இருந்தது விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையில், அதை நான் எடுத்துவைக்கவில்லை. ஃபிளாப்பியைத் தேடி எடுத்தோம், பூசணம் பிடித்துப் படிக்க முடியவில்லை. டிடிபி கடை மூடிப் போயிருந்தது. வேர்டில் எழுத்துருவின் பெயர் மட்டும் தெரிந்தது, இணையத்தில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. வேறு தமிழ் எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தேன். தமிழ் எழுத்துகள் வந்தன, தமிழ்ச் சொற்கள் வரவில்லை.

ஐயா திட்டவில்லை. "பரவாயில்லை தம்பி, திரும்ப அடிச்சுக்கலாம்" என்றார். திரும்ப அடிக்கவில்லை. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. சில வருடங்களில் காலமாகிவிட்டார்.

பூட்டைத் திறந்தது

2021-இல் எங்கள் பகுதிக் குளங்களைப் பற்றிக் குறிப்புகள் சேகரிக்க ஆரம்பித்தேன். விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்: "இதெல்லாம் தமிழையாவுக்குத்தான் தெரியும்." அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, பழைய சிடியைத் தேடிக் கொடுத்தார். 11 கோப்புகளில் 10 திறந்தன. பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி போன்ற கருவிகள் பாமினி, திஸ்கி, டாப் எல்லாவற்றையும் யூனிகோடாக்கும். ஐயாவின் எழுத்துரு எதிலும் பொருந்தவில்லை. அட்டவணையை நானேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் பிடி அந்தக் குப்பைக்குள்ளேயே இருந்தது. எண்களும் இடைவெளியும் ஆங்கிலப் பாதியில் இருப்பவை, அவை மாறவில்லை. பக்கம் முழுக்கப் புரியாத எழுத்து, நடுவில் 1924, 1939 என்று ஆண்டுகள் மட்டும் தெளிவாக நின்றன. ஒவ்வொரு ஆண்டுக்கும் பின்னால் ஒரே வரிசையில் அதே குறிகள் வந்தன. ஆண்டுக்குப் பின்னால் ஒரு தமிழாசிரியர் வேறு என்ன எழுதியிருப்பார்? "ஆம் ஆண்டு." ஆ, ம், ண், டு என்று நான்கு எழுத்துகள் கிடைத்தன.

அடுத்த உதவி பள்ளிக்கூடத்து இலக்கணம். ங் வந்தால் அடுத்து பெரும்பாலும் க, ஞ் வந்தால் ச, ந் வந்தால் த. இனவெழுத்துச் சோடிகள். ஒரு சிறு நிரல் எழுதி, எந்த எண்ணுக்குப் பின்னால் எந்த எண் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். சோடிகள் தானாக மேலே வந்தன. கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்பதால் அவற்றைத் தாண்டி எண்ண வேண்டியிருந்தது.

கடைசியில் கைகொடுத்தது ஐயாவின் ஒற்று. க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லின் இயல்பான இறுதி எழுத்துகள் அல்ல. சொல்லின் கடைசியில் வந்தால் அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்குவதால்தான் வரும். "குளத்தைச் சுற்றி", "கரைக்குப் பக்கத்தில்." நான் எழுதும்போது பாதி இடத்தில் ஒற்றை விட்டுவிடுவேன். ஐயா ஓர் இடத்திலும் விடவில்லை. சொல்லின் கடைசியில் இருந்த குறியும் அடுத்த சொல்லின் முதல் குறியும் கோப்பு முழுக்க அதே சோடியாக வந்தன. அவர் அந்த அளவுக்குப் பிழையில்லாமல் எழுதியிருக்காவிட்டால் அந்த நான்கு வரிசைகளையும் அத்தனை சீக்கிரம் பிரித்திருக்க முடியாது.

அட்டவணை முக்கால்வாசி நிரம்பியதும் மிச்சத்தை அக்காவே படித்துச் சொன்னார். "இது எங்க தாத்தா பேரு, இங்க ஞா வரணும்." மூன்று வார இறுதிகளில் 10 கோப்புகளும் யூனிகோடுக்கு வந்துவிட்டன. பேருந்து நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு குளம் இருந்தது, அதற்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலின் பெயர் என்ன, கடைசியாகத் தூர்வாரியது யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வேறு எங்கேயும் நான் பார்க்காத தகவல்கள். பதினொன்றாவது கோப்பு இருந்த பகுதியில் சிடி உரிந்துவிட்டது. கோப்பின் பெயரை வைத்துப் பார்த்தால் அது வாய்க்கால்களின் முழுப் பட்டியல்.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட போனில் தமிழில் அடிக்கிறது, யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து வருடங்களில் வீடுகளில் அடிக்கப்பட்ட கடிதங்கள், சங்க மலர்கள், குடும்ப வரலாறுகள் இன்னும் பல பீரோக்களில் சிடியாகக் கிடக்கின்றன. எழுத்துருவும் போய், எழுதியவரும் போய்விட்டால் திறப்பது கடினம்.

ஆகவே, இன்னும் யாருக்காவது கணினி வைத்தியம் பார்ப்பவர்களுக்கு: பழைய கணினியைத் தொடுவதற்கு முன் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுங்கள். தமிழ்க் கோப்பு இருந்தால் ஒரு பக்கமாவது அச்செடுத்து வையுங்கள், நான் பட்ட பாடு மிச்சமாகும். முக்கியமாக, வேலையை ஆரம்பிப்பதற்கு முன் கணினிக்குச் சொந்தக்காரரிடம் உட்கார்ந்து, இதில் நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு நான் ஐயாவிடம் அதைக் கேட்டிருந்தால், அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டி, எழுத்துரு எங்கிருந்து வந்தது என்ற கதையையும் சொல்லியிருப்பார்.