கரப்பான் தோலும் செராமைடின் நீளமும்

முன்கையின் உட்புறத்தில் ஓர் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, மெல்ல உரித்து வெளிச்சத்தில் பிடித்தால், மாவு படிந்ததுபோல ஒரு வெண்படலம் தெரியும். தோலின் ஆக மேலே இருக்கும் கொம்புப்படலத்தின் ஒரு பகுதி அது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரித்தால் அவ்விடம் சிவந்து பளபளக்கும். அங்கிருந்து ஆவியாகும் நீரின் அளவும் ஏறிக்கொண்டே போகும். அடோபிக் எக்சிமா எனப்படும் கரப்பான் உள்ளவர்களுக்கு, புண் இல்லாத இடத்திலும், நாடாவை ஒட்டுவதற்கு முன்பே இந்த நீரிழப்பு இயல்பைவிடக் கூடுதலாக இருக்கிறது.

தோலில் எண்ணெய்ப்பசை குறைந்துவிட்டது என்பதே இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். எண்ணெய் தடவினால் போதும் என்ற முடிவுக்கும் அதிலிருந்தே வருகிறோம். அந்தக் காரணம் பாதி உண்மைதான். மறுபாதியை விட்டுவிடுவதால், முழங்கை மடிப்பைச் சொறிந்து சொறிந்து இரவெல்லாம் விழித்திருக்கும் குழந்தைக்கு உரிய சிகிச்சை தள்ளிப்போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொம்புப்படலத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். தட்டையான இறந்த செல்களைச் செங்கல்லாகவும், இடையில் உள்ள கொழுமியங்களைச் சாந்தாகவும் அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் உருவகித்தார். அந்தச் சாந்தின் எடையில் ஏறத்தாழ பாதி செராமைடு. மீதியில் பெரும்பங்கு கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். இந்த உருவகம் நாற்பது ஆண்டுகளாக நமக்கு நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. ஆனால் குழைத்துப் பூசிய சாந்துக்கு உள்ளொழுங்கு கிடையாது. தோலின் கொழுமியங்களோ ஏடு ஏடாக, சுமார் 13 நானோமீட்டர் இடைவெளியில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டவை. அவற்றின் நீண்ட, நிறைவுற்ற கார்பன் சங்கிலிகள் உடல் வெப்பத்திலும் இளகாமல் நெருங்கி நிற்பதால்தான் நீர் எளிதில் வெளியேறுவதில்லை. இதற்குக் கீற்றுக் கூரை பொருத்தமான உவமை. கீற்றுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் நீளம் குறைந்தால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி போதாமல் கூரை ஒழுகும்.

கரப்பானில் நிகழ்வதும் அதுவே. கரப்பான் நோயாளிகளின் கொம்புப்படலத்தில், புண் இல்லாத இடத்திலும் செராமைடு குறைந்திருப்பதை 1991-இல் ஜப்பானில் இமோகாவா குழுவினர் காட்டினர். அப்போது பேச்சு அளவைப் பற்றியதாக இருந்தது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் யோக்கே பௌஸ்த்ராவின் குழு 2012-இல் நீளத்தையும் அளந்தது. குட்டைச் சங்கிலிச் செராமைடுகள் கூடியிருந்தன, அடுக்கின் நெருக்கம் தளர்ந்திருந்தது, அதற்கு ஏற்ப நீரிழப்பும் மிகுந்திருந்தது. அக்குழு கண்ட இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கொம்புப்படலத்துக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பிறழ்வு உள்ளவர், இல்லாதவர் இரு சாராரிடமும் இந்தக் குட்டைத்தன்மை இருந்தது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ஃபிலாக்ரின் பிறழ்வுக்கும் கரப்பானுக்கும் தொடர்புண்டு என்ற செய்தி வந்தபின், தடுப்பரணின் குறை பிறவியிலேயே எழுதப்பட்டது என்று பலரும் எண்ணினோம். கொழுமியத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் போதாது.

அப்படியானால் சங்கிலியைக் குட்டையாக்குவது எது? கொழுப்பு அமிலத்தை ஈரிரு கார்பனாக நீட்டும் நொதிகள் மேல்தோலின் உயிருள்ள செல்களில் இருக்கின்றன. கரப்பானில் பெருகும் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற அழற்சித் தூதுப்புரதங்கள் அந்த நொதிகளை அடக்குகின்றன. அழற்சி நீளத்தைக் குறைக்கிறது. நீளம் குறைந்த இடத்தில் ஒவ்வாப்பொருள்கள் நுழைந்து அழற்சியை மேலும் மூட்டுகின்றன. இதற்கு வலுவான சான்று ஓர் ஊசிமருந்து. இவ்விரு தூதுப்புரதங்களின் வழியையும் அடைக்கும் டூபிலுமாப் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலின்மேல் பூசாமல் ஊசியாகவே செலுத்தப்படும் அம்மருந்தால் நீரிழப்பு குறைந்ததோடு, செராமைடு சங்கிலிகளும் நீண்டன.

எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. பிரிட்டனில் ஒவ்வாமைப் பின்னணி கொண்ட குடும்பங்களின் 1,394 பச்சிளங்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு ஓராண்டு நாள்தோறும் ஈரப்பசைக் களிம்பு பூசச் செய்தனர். 2020-இல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதில் களிம்பு பூசிய பிரிவில் 23 விழுக்காட்டினருக்கும் பூசாத பிரிவில் 25 விழுக்காட்டினருக்கும் கரப்பான் இருந்தது. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதற்கில்லை. நோய் வந்தபின் களிம்பு அரிப்பைத் தணிக்கிறது, அடுத்த எழுச்சியைத் தள்ளிப்போடுகிறது. அதை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மேலே பூசுவது கூரைமேல் போர்த்தும் தார்ப்பாய். கீற்று முடைவது உள்ளே நடக்க வேண்டிய வேலை.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒலெயிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோலில் அரணைக் குலைப்பதாக 2013-இல் ஓர் ஆங்கிலேய ஆய்வு கண்டது. லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. லினோலெயிக் அமிலம் அதிகம் இல்லாத தேங்காய் எண்ணெயோ, பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் கனிம எண்ணெயைவிட நீரிழப்பை நன்றாகக் குறைத்தது. எண்ணெயில் உள்ள அமிலத்தை மட்டும் வைத்து அது தோலில் என்ன செய்யும் என்று கணித்துவிட முடியாது.

“ஸ்டீராய்டா? வேண்டாம் டாக்டர், எண்ணெயே தடவிக்கிறோம்” என்று தாய்மார் தயங்கும்போது நாம் சொல்ல வேண்டியது இதுதான்: அழற்சியை அடக்குவதே அரணைச் சீராக்குவதன் முதல் படி. அவர்களது அச்சத்தை முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் ஸ்டீராய்டு அல்லாத பிமெக்ரோலிமஸையும் ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆய்வில், நோய் அறிகுறிகளை நன்றாகத் தணித்தது முன்னது. ஆனால் மின்னணு நுண்ணோக்கியில் கொழுமிய ஏடுகள் ஒழுங்காகத் திரும்பியது பின்னதில்தான். ஸ்டீராய்டு மேல்தோலை மெலியவும் செய்தது. அதனால் கடும் எழுச்சியைச் சில நாள் ஸ்டீராய்டால் தணித்துவிட்டு, முகம், இமை, மடிப்புகளில் பிமெக்ரோலிமஸ் போன்ற கால்சினியூரின் தடுப்பான்களுக்கு மாறி, களிம்பை இடைவிடாமல் தொடரும் முறையையே நான் ஆதரிக்கிறேன். ஏடுகள் மீண்டும் அடுக்கப்படக் கொம்புப்படலம் ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரங்களாவது பிடிக்கும். சிவப்பு அடங்குவதோ அதற்கு முன்பே.