நக்கவாரக் கடலும் நாகைப் பள்ளிச்சந்தமும்

கார் நிக்கோபார்த் தீவின் கரையில் நின்று மேற்கே நோக்கினால், கண்ணுக்கெட்டும் தொலைவு வரையில் நீரன்றி வேறொன்றும் தோன்றாது. ஆயினும் அந்நீரின் மறுகரையில் இருப்பது நமது நாகப்பட்டினமே. முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு 'மாநக்கவாரம்' என்று குறிப்பது இந்நிக்கோபார்த் தீவுகளையே என்பர் அறிஞர். தாய்நாட்டைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், இக்கடல்வழியே நடந்த ஓர் ஈகையின் வரலாற்றை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கி.பி. 671-இல் சீன நாட்டிலிருந்து புறப்பட்ட இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, கடாரத்தில் கப்பலேறி வங்கத்துத் தாமிரலிப்தித் துறைமுகத்துக்குச் செல்லும் வழியில், ஆடையணியாத மக்கள் வாழும் தீவொன்றைக் கண்டார். அது நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். கப்பலைக் கண்டதும் தீவினர் சிறு படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து, மாற்றாக இரும்பு கேட்டனராம். இது வாணிகம். கொடுத்ததற்கு உடனே ஈடு கிடைத்துவிடும். கணக்கும் அங்கேயே தீர்ந்துவிடும். அத்துறவி நாடிச் சென்ற மடங்களோ, ஈடு கருதாத வேறொரு கொடையால் வாழ்ந்தவை.

பௌத்த பிக்குவுக்கு உரியவை நான்கே: உடை, உணவு, உறையுள், மருந்து. அவற்றையும் அவர் தாமே தேடிச் சேர்த்து வைத்தல் ஆகாது. நண்பகலுக்கு முன் கிடைத்ததை உண்டு, மறுநாளுக்கென ஒன்றும் வையாது வாழ்தல் வேண்டும். ஆகவே சங்கம் நிலைபெறுவது இல்லறத்தார் கையிலேயே இருந்தது. அவர்கள் சோறிட்டனர்; மழைக்காலம் கழிந்தபின் ஆடை வழங்கினர்; பிக்குகள் அறம் உரைத்தனர். ஒரு நாளைய உணவை ஒரு வீடு கொடுத்துவிடலாம். ஒரு விகாரத்துக்கு ஆண்டுதோறும் உணவு கிடைக்க வேண்டுமாயின், அதற்கு நிலமும் ஒழுங்கும் காவலும் வேண்டும்.

இவ்வொழுங்கை நாகப்பட்டினத்தில் காண்கிறோம். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சூளாமணிவர்மன் அங்கே ஒரு விகாரம் எடுக்கத் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயராலேயே அதனை நிறைவித்தான். கட்டியவர்கள் கடல் கடந்து வந்த பௌத்தர்கள். அதற்கு நிலம் ஈந்தவனோ தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பிய சிவபக்தனாகிய முதலாம் இராசராசன். தனது 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பின்னர் இராசேந்திரன் அக்கொடையை உறுதிசெய்து, 21 செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். அவை டச்சுக்காரர் காலத்தில் ஹாலந்து சென்று, லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன.

அவ்வேடுகளின் நுணுக்கம் வியக்கத்தக்கது. பெண்யானையொன்றை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, ஊரின் எல்லையை வரையறுத்தார்கள். நிலத்தின் அளவு 97 வேலிக்கு மேற்பட்டது. ஆண்டுதோறும் விகாரத்துக்குச் சேர வேண்டிய நெல் 8943 கலமும் சில்லறையும். அச்சில்லறையைக்கூட நாழி அளவு வரை கணக்கிட்டிருக்கிறார்கள். அரசனுக்குச் செல்ல வேண்டிய அந்நெல் பள்ளிக்குச் சென்றது. ஈந்தவன் பெயர் அரசன் பெயரே; ஆயினும் அந்நெல்லை உழுது விளைவித்தோர் ஆனைமங்கலத்து உழவர்களே. தானத்தைப் போற்றும்போது அவர்களையும் நாம் மறத்தல் கூடாது.

இனி, இக்கொடை ஒரு பெருஞ் சோதனைக்கு உள்ளாயிற்று. கி.பி. 1025-இல் இராசேந்திரனின் கடற்படை அதே கடாரத்தின்மீது பாய்ந்தது. மாநக்கவாரமும் அப்படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களின் வரிசையில் குறிக்கப்படுகிறது. நண்பர் பகைவராயினர். ஆயினும், ஏறக்குறைய 65 ஆண்டுகள் கழித்து, கி.பி. 1090-இல், கடாரத்தரசன் அனுப்பிய தூதர் இருவர் வேண்டிக்கொள்ள, முதலாம் குலோத்துங்கன் நாகைப் பௌத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கி, வேறு செப்பேடுகள் அளித்தான். இடையே நிகழ்ந்த போரும் அவ்வறத்தை வேரறுத்துவிடவில்லை.

எனினும் எக்கொடையும் தானே நிலைத்துவிடுவதில்லை. காப்போர் இல்லாதபோது விகாரங்கள் அழிந்தன. 1856 முதல் 1930-களுக்குள், நாகையின் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. மாலுமிகளுக்குக் கடலில் அடையாளமாக விளங்கிய செங்கல் கோபுரமொன்று 19-ஆம் நூற்றாண்டிலும் எஞ்சி நின்றது. அதுவும் 1867-இல் இடிக்கப்பட்டது. ஒருவர் ஈந்ததை அடுத்தவர் ஏற்றுக் காத்த வரையில்தான் அறம் நின்றது. காக்கும் கை ஓய்ந்ததும் செப்பேட்டின் எழுத்து மட்டுமே மிஞ்சிற்று.

கார் நிக்கோபாரில் விகாரம் இருந்ததென்று கூற நாம் வரவில்லை. அது வழியிலே கண்ட தீவு. ஆனால் அவ்வழியே வந்த அயலார் நம் கரையில் தம் வழிபாட்டிடத்தை எழுப்பினர்; நம் முன்னோர் அதற்கு நெல் அளந்தனர். இன்றோ அயலாராய் வேற்றுக் கரைகளில் வாழ்பவர் நாம். நமக்கு இடம் தந்த ஊராரின் பள்ளிக்கூடத்துக்கும், மருத்துவமனைக்கும், அவர்கள் புனிதமாய்க் கருதும் இடத்துக்கும் நாம் அளந்த நெல் எவ்வளவு? ஆனைமங்கலத்துக் கணக்கர் நாழியளவும் விடாது எழுதினர். நம் கணக்கையும் ஒருமுறை நாம் எடுத்துப் பார்ப்பது நன்று.