வினாவழிச் சிக்கல் தீர்த்தல்

வினாவழிச் சிக்கல் தீர்த்தல் என்பது ஒரு சிக்கலுக்கு உடனே விடை தேடாமல், முதலில் அதைப் பற்றிய பொருத்தமான வினாக்களை எழுப்பி, அவற்றின் வழியே தீர்வை அணுகும் முறை ஆகும். பொறியியல், மருத்துவம், கல்வி, ஆட்சியியல் முதலிய துறைகளில் இம்முறை பயன்படுகிறது. தமிழ்நாட்டின் வட எல்லையில் அமைந்த திருத்தணி எந்த மாநிலத்துக்கு உரியது என்ற பூசல் தீர்க்கப்பட்ட விதம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

வினா வகைகள்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இவற்றுள் சிக்கல் தீர்க்கப் பெரிதும் உதவுவன அறியா வினாவும் ஐய வினாவும் ஆகும். நடைமுறையில் பின்வரும் வினாக்கள் பயன்படுகின்றன:

* காரண வினா: ஏன் நிகழ்ந்தது? சப்பானின் டொயோட்டா நிறுவனத்தில், ஒரு பழுதுக்கு "ஏன்" என்று ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்டு மூலகாரணத்தைக் கண்டறிவர்.
* தரவு வினா: தெரிந்தது எது, தெரியாதது எது? கணிதவியலாளர் சியார்ச் போல்யா 1945 இல் வெளியிட்ட நூலில் இதனை முதற்படியாகக் கொண்டார்.
* அலகு வினா: எதனை அலகாகக் கொண்டு அளப்பது?

திருத்தணி எல்லைச் சிக்கல்

1911 இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி இடம்பெற்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்க்கப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் கலந்து வாழ்ந்த பகுதியாதலால் பூசல் எழுந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வட எல்லைப் போராட்டத்தை முன்னெடுத்தனர். திருப்பதியும் தமிழகத்துக்கே உரியது என ம. பொ. சி. கோரினார். சென்னை நகரம் தமக்கே உரியது என்ற கோரிக்கை ஆந்திரத் தரப்பில் எழுந்திருந்தது.

"மாவட்டம் யாருக்கு?" என்று கேட்கும்வரை, எவ்விடை கூறினும் ஒரு தரப்பு முழுவதையும் இழக்க நேரிடும். நடுவராக அமர்த்தப்பட்ட எச். வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். இதனால் வினா இரண்டாகப் பிரிந்தது: இக்கிராமத்தில் எம்மொழி பேசுவோர் மிகுதி? அம்மொழி மாநிலத்துடன் இக்கிராமம் நிலத்தொடர்ச்சி உடையதா? முன்னதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பின்னதற்கு நிலப்படமும் விடை தரக்கூடியன.

இதன் அடிப்படையில் 1959 இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திராவுக்குச் சென்றன. 1997 முதல் திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

குறைபாடுகள்

வினா அமையும் விதமே விடையையும் வரையறுக்கிறது. பெரும்பான்மை எது என்று கேட்கும் வினா, சிறுபான்மையினர் நிலை என்ன என்று கேட்பதில்லை. திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசுவோரும் சித்தூர்ப் பகுதியில் தமிழ் பேசுவோரும் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய தாய்மொழிக் கல்வி எல்லைக் கோட்டால் தீராத தனிச் சிக்கலாகும். எனவே ஒரு தீர்வை ஏற்குமுன், "இவ்வினாவில் விடுபட்டவர் யார்?" என்று கேட்பதும் இம்முறையின் ஒரு பகுதியாகக் கொள்ளத்தக்கது.

இவற்றையும் பார்க்க

* திருத்தணி
* வட எல்லைப் போராட்டம்
* நன்னூல்