ஓமந்தூரார் ஆட்சியும் காங்கிரஸ் பழமைவாதிகளும் (1947–1949)

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார், நிலமுள்ள விவசாயக் குடும்பத்தவர். கதர், தெய்வபக்தி, மதுவிலக்கு என்ற காந்திய ஒழுக்கத்தில் ஊறிய காங்கிரஸ்காரர்களின் முழு உருவம் அவர். 1947 மார்ச் 23-இல் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுவே பெயர். பிரிவினையின் கலவரம், அரிசிப் பஞ்சம், ஹைதராபாத்தில் நிஜாம் ஆதரவு ரஜாக்கர் படையினரின் அட்டூழியம், தெலங்கானாவில் ஆயுதக் கிளர்ச்சி எல்லாம் ஒருசேர நாட்டைச் சூழ்ந்த காலம். இந்த நெருக்கடிதான், வேறு சமயத்தில் தள்ளிப்போட்டிருக்கக்கூடிய சீர்திருத்தங்களைப் பழமைவாதிகளின் கையாலேயே சட்டமாக்கியது என்பது என் முடிபு. 1947-இல் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. அதே ஆண்டு, அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை திருத்தப்பட்டு, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2 தனியாக ஒதுக்கப்பட்டன. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கோயிலை நேசித்தவர் அதன் கதவை எல்லாச் சாதியாருக்கும் திறந்தது முரணல்ல; மூடிய கதவோடு கோயில் மதிப்பிழக்கும் என்ற அச்சமும் பக்தியின் ஒரு பகுதிதான்.

இந்தச் சீர்திருத்தங்கள் முந்தைய பிரதமர்கள் ராஜாஜி, பிரகாசம், சமூக சீர்திருத்தவாதி முத்துலட்சுமி ரெட்டி ஆகியோர் முன்பே விதைத்தவை, ஓமந்தூரார் அறுவடை மட்டுமே செய்தார் என்பார்கள். விதை பழையது, உண்மை. ஆனால் 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியதும் அது முளைக்காமலே கிடந்தது. சுதந்திரத்தின் அவசரமே அதற்கு மழையாக வந்தது. இன்னொரு மறுப்பு கனமானது. ஜமீன் ஒழிப்பு எஸ்டேட்டுகளைத்தான் தொட்டது. பெரும்பாலும் ரயத்துவாரி (நிலம் வைத்திருப்பவரே நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும்) நிலமான தென்னார்க்காட்டின் பெரிய பட்டாதாரர்களுக்கு அதனால் இழப்பில்லை. நில உச்சவரம்புக்கு 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். தன் வர்க்கத்தின் வரப்பு வந்ததும் இந்தப் பழமைவாதம் நின்றுவிட்டது. அதே நெருக்கடி அதைக் கடுமையாக்கவும் செய்தது: 1947-இன் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் கம்யூனிஸ்டுகளை விசாரணையின்றிச் சிறையில் வைத்தது.

1949 ஏப்ரலில் கட்சிக்குள்ளேயே ஆதரவிழந்து விலகிய அவர், பின்னர் வடலூரில் வள்ளலார் வழித் தொண்டில் ஈடுபட்டார். அந்த வரப்புக்கு வெளியே நின்றவர்களின் குரல் தேர்தலில் கேட்டது: 1952 சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தன; தென்னார்க்காட்டில் வேரூன்றிய உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. அக்கட்சியின் சார்பில் சட்டமன்றம் சென்ற விழுப்புரம் வட்டாரத்து ஏ. கோவிந்தசாமி, 1967-இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார்.