ஐந்து விதிகள் ஒலித்த ஊரில்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, திருவேட்களத்துச் சிவன் கோயிலைச் சூழ விரிந்திருக்கும் அண்ணாமலை நகரைப் பல்கலைக்கழக ஊர் என்றே நாடு அறியும். நூலகத் துறையைச் சேர்ந்தவர்கள் இந்த ஊரை வேறொரு காரணத்துக்காகவும் வணங்குகிறார்கள். 1928 டிசம்பரில் இங்கிருந்த மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு கூடியது. அங்கேதான் எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை முதன்முதலில் முறையாக அறிவித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது 1929-இல். பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே நூலகத்துக்கான விதி வந்து சேர்ந்துவிட்ட மண் இது.

ரங்கநாதன் அயலூர்க்காரர் அல்லர். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழிதான் அவர் பிறந்த ஊர். கணித ஆசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இங்கிலாந்து சென்று பயின்று திரும்பினார். அங்கே பல நூலகங்களைப் பார்த்தவருக்கு இந்தியாவில் புத்தகங்கள் பூட்டிக் கிடப்பது உறுத்தியது. அந்த உறுத்தலில் பிறந்தவையே ஐந்து விதிகள். புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பது முதலாவது. வாசகர் எவராயினும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், நூல் எதுவாயினும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பவை மற்றவை. 1931-இல் இவை நூலாக வெளிவந்தபோது பதிப்பித்தது சென்னை நூலகச் சங்கம்.

இந்த விதிகள் தில்லை என்னும் சிதம்பரத்தில் ஒலித்தது பொருத்தமானது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டப்பட்டுக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அதைத் திறக்கச் செய்தபோது புற்று மூடியிருந்ததையும், கரையான் தின்றது போக எஞ்சியதே நமக்குக் கிடைத்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பூட்டிவைத்தால் ஏடு பிழைத்துவிடாது என்ற பாடத்தை இந்த ஊர் அன்றே கண்டிருக்கிறது. எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் ஏட்டுக்கு வாழ்வு.

அப்படிப்பட்டவர்களை உருவாக்குவதும் நூலகத்தின் வேலை என்று ரங்கநாதன் கருதினார். வாசகருக்கு உதவும் பணியை அவர் நான்கு வகையாகப் பிரித்தார். புதிதாக வருபவருக்கு நூலகத்தைப் பழக்குவது, பொதுவான வாசகருக்குக் கைகொடுப்பது, கேட்டவுடன் விடை எடுத்துத் தருவது, நாட்கணக்கில் உடனிருந்து தேடித் தருவது என்பன அவை. புதியவரைப் பழக்குவதையே அவர் முதலில் வைத்தார். இன்று ஆய்வுத் திறன் பயிலரங்கு என்ற பெயரில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக நூலகங்கள் நடத்தும் பயிற்சிகள் அந்த முதல் வகையின் வழித்தோன்றல்களே.

அண்ணாமலை நகரின் கல்வி வரலாறு 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து எழுகிறது. 1924-இல் மீனாட்சி தமிழ்க் கல்லூரி வந்தது. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் அதன் தலைவராக 1927 வரை இங்கே இருந்தார். ஒரு பாடலின் சரியான வடிவத்துக்காகப் பல பிரதிகளை ஒப்புநோக்கி, எது எங்கிருந்து கிடைத்தது என்று குறித்துவைத்த அவரைவிடச் சிறந்த ஆய்வுப் பயிற்சியாளர் யார் இருக்க முடியும்? இக்கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் தந்து செட்டியார் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். அதனோடு பிறந்த நூலகம் பின்னாளில் இங்கே துணைவேந்தராக இருந்த சி. பி. ராமசாமி ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2013-இல் பல்கலைக்கழகம் தமிழக அரசின் பொறுப்புக்கு வந்தது.

எந்தப் பெரிய நூலகத்திலும் கணினிக்கு முந்தைய காலத்துப் பயிற்சி என்பது அட்டைப் பட்டியலோடு முடிந்துவிடும். மர இழுப்பறையை இழுத்து, ஆசிரியர் பெயரிலோ தலைப்பிலோ அட்டையைத் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போகத் தெரிந்தால் போதும். தேடுகிற பொருள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. இன்று அது உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. கிடைப்பது குறைவு என்பது அன்றைய குறை. கிடைப்பதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது இன்றைய திணறல்.

அந்தத் திணறலை அருகில் நின்று பார்ப்போம். பிச்சாவரத்துத் தில்லை மரத்தைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவி ஒருத்தி கணினியில் ஆங்கில எழுத்தில் 'தில்லை' என்று தட்டுகிறாள். நடராசர் கோயிலைப் பற்றிய செய்திகள் வந்து குவிகின்றன, மரத்தைக் காணோம். பக்கத்தில் நிற்கும் நூலகர் மரத்தின் அறிவியல் பெயரான எக்ஸ்கோகேரியா அகலோச்சாவை மேற்கோள் குறிக்குள் இடச் சொல்கிறார். இரண்டு சொற்களும் சேர்ந்தே வரும் கட்டுரைகள் மட்டும் நிற்கின்றன. அடுத்து பிச்சாவரம் என்ற ஊர்ப்பெயரைச் சேர்க்கிறாள். கட்டுரைகள் வெகுவாகக் குறைகின்றன. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் 'டி' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள், இரண்டையும் 'ஆர்' போட்டு இணையுங்கள் என்கிறார் நூலகர். கட்டுரைகள் கூடுகின்றன.

பரங்கிப்பேட்டைக்கு வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. நம் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கும் ஊர் அது. அங்கே முந்தைய தலைமுறையினர் வெள்ளாற்றுக் கழிமுகத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகள் பலவற்றில் ஊரின் பெயர் போர்ட்டோ நோவோ என்றே இருக்கும். பரங்கிப்பேட்டை என்று மட்டும் தேடுகிறவர் தம் ஆசிரியருக்கு ஆசிரியர் செய்த ஆய்வையே காணாமல் போவார். இதற்கு முன் யாரும் செய்யவில்லை என்று முன்னுரையில் எழுதியும்விடுவார். பெயர் மாறிய ஊர்களுக்கும் இரு பெயர் கொண்ட உயிர்களுக்கும் தேடும் சொற்களை முன்கூட்டியே பட்டியலிடும் பழக்கம் ஒரு பிற்பகலில் கற்றுத் தரக்கூடியது. அது ஓர் ஆய்வேட்டின் தலையெழுத்தை மாற்றும்.

தமிழ் ஆய்வாளருக்கு இந்தப் பயிற்சி இன்னும் கூடுதலாகத் தேவை. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், உ.வே.சா. என ஒரே மனிதர் பட்டியல்களில் பலராகிவிடுகிறார். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் அரிய நூல்கள் காத்திருக்கின்றன. எந்தக் கதவை எந்தப் பெயர் சொல்லித் தட்டுவது என்று தெரிந்தவருக்கே அவை திறக்கும்.

இப்பயிற்சி மாணவர்களோடு நின்றுவிடுவதும் அல்ல. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது. அவை இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்ந்து எவரும் படிக்கும்படி நிற்கின்றன. 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறை வந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு ஒப்படைக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்தாகும். பொறுப்பான ஆய்வு நடத்தை குறித்த விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை ஒவ்வொரு பருவத்திலும் மாணவர், ஆசிரியர், பணியாளர் அனைவருக்கும் நடத்த வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. 2019 முதல் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிகள் என்ற பாடம் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாயிற்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மென்பொருள் தருவது ஓர் எண். அது தீர்ப்பு ஆகாது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்து, மூலவரின் பெயரைச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டால் மென்பொருள் கண்டுகொள்ளாமல் போகலாம். அப்போதும் அது திருட்டுதான். செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் அடுக்கித் தரும் சான்று நூல்களில் இல்லாத நூல்களும் கலந்து வருகின்றன. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றும் கட்டுப்பாட்டை இளைஞர்களிடம் எதிர்பார்க்கிறோம் என்றால், வழிகாட்டும் பேராசிரியர் முதலில் பயிலரங்கில் வந்து அமர வேண்டும்.

2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. தனியொரு பல்கலைக்கழகம் வாங்க நினைத்துப் பார்க்க முடியாத செல்வம் இது. ஆனால், உள்ளே நுழையவும் தேடவும் தெரியாத மாணவருக்கு அந்தக் களஞ்சியமும் புற்று மூடிய ஏட்டறையும் ஒன்றே. பூட்டு இப்போது கதவில் இல்லை, பழக்கமின்மையில் இருக்கிறது.

2029-இல் இப்பல்கலைக்கழகம் நூறாண்டு நிறைவு காணும். அதற்குள் செய்து முடிக்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், அவர் எந்தத் துறையாயினும், பாட அட்டவணையிலேயே நூலகத்துக்கென்று சில மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆய்வில் சேர்பவருக்குத் தலைப்பு முடிவாகும் முன்பே தேடல் பயிற்சி கிடைக்க வேண்டும். புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர் தம் துறைக்கான நூலகரை முதல் மாதத்திலேயே சந்திக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. நூலகரின் நேரமும் துறைத் தலைவர்களின் ஒப்புதலும் போதும்.

வாசகரின் நேரத்தைக் காக்கச் சொன்னார் சீர்காழிக்காரர். அதைச் சொன்ன ஊரில் நாம் இருக்கிறோம். இதைப் படித்து முடிக்கும் மாணவ நண்பரே, நாளை நூலகத்துக்குப் போங்கள். நீங்கள் தேடுவது என்ன என்பதை அங்கிருக்கும் நூலகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.